ரோலாய் 35 டி: பாய்க்கணக்கில் படம் பிடிக்கும் கேமரா

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று இந்தக் கேமராவைப் பற்றி எழுதும் எல்லாரும் எழுதுகிறார்கள். போட்டுப் பாருங்கள். சுமார் 370 கிராம், முழுக்க உலோகம், ஒரு சின்ன ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்த மாதிரி சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும், குனிந்தால் கேமரா தரையில். பேன்ட் பாக்கெட் என்றால் சரி. அகலம் 97 மி.மீ., உயரம் 60, கனம் 32. எங்கள் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி இதைவிடப் பெரியது.

என்னிடம் இருப்பது சித்தப்பாவுடையது. அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது 1976ல் வாங்கியது. 1979ல் சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது, டேப் ரெக்கார்டர், குடை, தைல பாட்டில், சேலைத்துணி இவற்றோடு இதுவும் வந்தது. மற்ற சிங்கப்பூர்ச் சாமான் எல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போய்விட்டது. கேமரா மட்டும் தப்பியதற்குக் காரணம், இதை யாருக்கும் இயக்கத் தெரியவில்லை என்பதுதான். எட்டு வருடம் அவர் படம் எடுத்தார், பிறகு பீரோவில் பாச்சை உருண்டையோடு முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. இரண்டு வருடமாக நான் பயன்படுத்துகிறேன், இருபது ஃபிலிம் ரோலுக்கு மேல் ஓடிவிட்டது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இது.

இது சிங்கப்பூரிலேயே செய்த கேமரா, வெறுமனே அங்கே விற்றதல்ல. உடம்பிலேயே "மேட் பை ரோலாய் சிங்கப்பூர்" என்று பொறித்திருக்கிறது. ஜெர்மனியில் கூலி ஏறியதால் எழுபதுகளின் தொடக்கத்தில் ரோலாய் தன் தயாரிப்பில் பெரும்பகுதியை அங்கே கொண்டுபோனது. 1981ல் கம்பெனியே திவாலாகி சிங்கப்பூர் ஆலையும் மூடப்பட்டது. ஜெர்மனியில் செய்ததுதான் உசத்தி, சிங்கப்பூர் சரக்கு மட்டம் என்று விற்பவர்கள் ஒரு கதை சொல்வார்கள், விலையையும் அதற்கேற்ற மாதிரி வைப்பார்கள். நண்பர் ஒருவரின் ஜெர்மன் கேமராவையும் இதையும் ஒரே சுவரைப் பார்த்து வைத்து எடுத்துப் பார்த்துவிட்டோம். எது எதில் எடுத்தது என்று பின்பக்கம் எழுதாமல் விட்டிருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்காது.

இதை வடிவமைத்தவர் ஹைன்ஸ் வாஸ்கே. வீஸ்பாடன் ஊரில் விர்கின் என்ற கேமரா கம்பெனியில் வேலை பார்த்தவர். சொந்த நேரத்தில் இதன் மாதிரியைச் செய்து முடித்து முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினால், அவர் கேமரா தொழிலையே விடப்போவதாகச் சொல்லிவிட்டார். லைக்கா கேமரா செய்யும் லைட்ஸ் கம்பெனியும் கோடக்கும் வேண்டாம் என்றன. 1965ல் ரோலாயில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அங்கே இதற்கு வழி பிறந்தது. 1966ல் கொலோன் ஃபோட்டோகினா கண்காட்சியில் வைத்தார்கள். சாதாரண 35 மி.மீ. ரோல் போட்டு 24க்கு 36 மி.மீ. முழு அளவு படம் எடுக்கும் கேமராக்களில் அன்றைக்கு இதைவிடச் சின்னது கிடையாது. மின்னாக்ஸ் என்ற குட்டிக் கேமரா மாதிரி நகத்தளவு நெகட்டிவ் இல்லை, அதற்கென்று தனி ஃபிலிமும் தேட வேண்டாம், தெருமுனையில் கிடைக்கும் ரோலே போதும். (தெருமுனையில் இன்றைக்கு எங்கே ரோல் கிடைக்கிறது என்று கேட்காதீர்கள், அதற்கும் வருகிறேன்.)

வாஸ்கே இதை எப்படிச் சின்னதாக்கினார் என்று யோசித்தால் கேமரா முழுசும் புரிந்துவிடும். லென்ஸை உள்ளே தள்ளிவிடுகிற மாதிரி குழாயில் வைத்தார். வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டரை இரண்டாகப் பிரித்து, இதழ்களை லென்ஸ் குழாயிலும் வேகத்தை ஓட்டும் சக்கரங்களை உடம்புக்குள்ளும் வைத்தார். ரோலைச் சுற்றும் லீவர் இடது கைப்பக்கம் போய்விட்டது. ரோலைத் திருப்பிச் சுற்றும் பிடி அடியில். படம் எண்ணும் ஜன்னல் அடியில். ஃபிளாஷ் மாட்டும் இடமும் அடியில்தான். இத்தனை செய்த பிறகும் இடம் போதாமல், தூரம் அளக்கும் கருவியை அடியோடு விட்டுவிட்டார். அந்த வேலை நம்முடையது.

அதனால் ஒரு படம் எடுக்கப் படும் பாடு இது. உறையிலிருந்து எடு, லென்ஸை இழு, திருப்பிப் பூட்டு, இடது கட்டைவிரலால் லீவரைத் தள்ளு, லென்ஸின் இரண்டு பக்கமும் இருக்கும் சக்கரங்களில் ஒன்றில் ஷட்டர் வேகம், இன்னொன்றில் அபர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, மேல் தட்டில் உள்ள குட்டி ஜன்னலில் வெளிச்சம் அளக்கும் மீட்டரின் இரண்டு முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று வருகிறதா என்று பார், எதிரே நிற்பவர் எவ்வளவு தூரம் என்று நீயே மனசில் ஒரு கணக்குப் போடு, அந்தத் தூரத்தை லென்ஸ் வளையத்தில் வை, அப்புறம் கண்ணில் வை, அமுக்கு. குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தால் இவ்வளவும் முடிவதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். முதல் இரண்டு ரோல் எனக்கு அப்படித்தான் ஆனது.

ஆனால் பழகியபின் பாதி வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. மீட்டர் முள் மேல் தட்டில் இருப்பதால், கேமராவை இடுப்பில் வைத்தபடியே வெளிச்சம் பார்த்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம், கண்ணுக்குக் கொண்டுபோவது கடைசி ஒரு நொடிக்குத்தான். ஷட்டர் சத்தமும் "டிக்" என்று பல்லி தொண்டையைச் செருமிய அளவுதான். மாயவரம் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நின்றவருக்கே நான் படம் எடுத்தது தெரியவில்லை.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தக் கேமரா பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது இதில்தான் இருக்கிறது. வளையத்தில் 0.9 மீட்டரில் தொடங்கி முடிவிலி வரை எண்கள். நமக்கு மீட்டரில் கண் பழக்கம் கிடையாது. முதல் ரோலில் 36க்கு 14 மங்கல். சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படங்களைப் புரட்டிவிட்டு, "எதால அளக்கிறே?" என்றார். கண்ணால்தான் என்றேன். "கண்ணால அளந்தா இப்படித்தான் வரும். பாயால அளடா" என்றார்.

அவர் கணக்கு இது. ஒரு கோரைப் பாய் ஆறடி, ஏறக்குறைய இரண்டு மீட்டர். எதிரே நிற்பவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க முடியுமா? அப்படியானால் 2ல் வை. ஒன்றரைப் பாய் என்றால் 3. மூன்று பாய் என்றால் 6. அதற்கு மேல் கோயில் கோபுரம்தான், முடிவிலி. ஒரு பாயை முக்கால்வாசி விரித்து மிச்சத்தைச் சுருட்ட வேண்டியிருந்தால் 1.5. பிறந்ததிலிருந்து பாய் விரித்துப் படுத்தவனுக்கு எந்தக் கூடத்தில் எத்தனை பாய் கொள்ளும் என்று பார்த்ததுமே தெரியும், மீட்டர் தெரியாவிட்டால் என்ன. அடுத்த ரோலில் மங்கல் நான்கு.

வெயிலும் நமக்கு உதவுகிறது. லென்ஸ் துளையின் அளவை எஃப் எண்ணில் சொல்வார்கள், எண் கூடக்கூடத் துளை சின்னது, தெளிவு விழும் தூரம் அதிகம். 40 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 3 மீட்டரில் நிறுத்தினால், 2 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்வரை எல்லாம் தெளிவு. ஒன்றரைப் பாய் என்று நினைத்து இரண்டரைப் பாய் ஆகிவிட்டாலும் படம் பிழைத்துவிடும். எஃப் 16 வைத்து 3 மீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டால், சுமார் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு, தூரத்தையே மறந்துவிடலாம். சித்திரை வெயிலில் ஐஎஸ்ஓ 400 (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வாங்கும் என்பதன் எண்) ரோலுக்கு 1/500ல் எஃப் 16தான் வேண்டியிருக்கும், ஷட்டரின் உச்ச வேகமும் அதுதான். ஆக நம் ஊர் நடுப்பகலில் இது ஏறத்தாழ அமுக்கினால் போதும் கேமரா.

வம்பெல்லாம் வீட்டுக்குள்ளேதான். சாயங்காலம், ஒரே ஒரு டியூப் லைட், எஃப் 3.5 முழுக்கத் திறந்து ஒன்றரை மீட்டரில் அத்தையை எடுத்தால், தெளிவாக வருவது முன்னும் பின்னுமாக மொத்தம் ஒரு முப்பது சென்டிமீட்டர். அதற்குப் பாயும் உதவாது. அத்தை மூக்குத்தி மங்கலாகவும் பின்னால் தொங்கும் காலண்டரின் தேதி பளிச்சென்றும் வந்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஃபிளாஷ் போடலாமே என்பீர்கள். மாட்டும் இடம் அடியில் என்றேனா, மாட்டினால் வெளிச்சம் கீழேயிருந்து அடிக்கிறது, மாப்பிள்ளையும் பெண்ணும் நாடகத்தில் பேய் வேஷம் போட்ட மாதிரி நிழல் மேலே ஏறி வருகிறது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுக்க வேண்டும் என்பதுதான் வழி. எடுத்தேன். மணமேடையில் ஒரு மாமா வந்து, "தம்பி, கேமராவைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க" என்று அக்கறையாகச் சொன்னார், அவரை அடுத்து இன்னும் மூன்று பேர். கல்யாணத்துக்கு இதை எடுத்துப்போவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

லென்ஸ் பற்றி. என்னுடையது டெசார் 40 மி.மீ. எஃப் 3.5, நான்கு கண்ணாடித் துண்டுகள். 35 எஸ் என்ற இன்னொரு வகையில் சோனார் எஃப் 2.8. எல்லாரும் சோனாரைத் தேடுகிறார்கள், விலையும் கூட. அரைகுறை வெளிச்சத்தில் அதற்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டுதான், ஆனால் திறந்து வைத்தால் தூரக் கணக்கு இன்னும் இறுகும், அதைக் குறிபார்க்க இந்தக் கேமராவில் வசதியே இல்லை என்னும்போது எஃப் 2.8க்காகக் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குப் புரியவில்லை. டெசாரில் எஃப் 8ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், திண்ணைத் தூணில் எண்ணெய்ப் பிசுக்கு எதுவரை ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். இன்னும் மலிவாக பி 35, சி 35 என்றும் உண்டு, டிரையோட்டார் லென்ஸ். சி 35ல் மீட்டரே கிடையாது, அது குறையும் இல்லை.

ஏனென்றால் மீட்டர் ஒரு தலைவலி. கோசன் கம்பெனி செய்த மீட்டர், பிஎக்ஸ் 625 என்ற பாதரச பேட்டரிக்காகக் கட்டியது, 1.35 வோல்ட். பாதரசம் என்பதால் அந்த பேட்டரி தயாரிப்பே நின்றுவிட்டது. அதே அளவில் இப்போது கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட், போட்டால் முள் பொய் சொல்லும். நான் போடுவது காது மெஷினுக்குப் போடும் 675 நம்பர் பேட்டரி, 1.4 வோல்ட், காது மெஷின் கடையில் அட்டையாகக் கிடைக்கிறது. அளவு சின்னது என்பதால் உள்ளே ஆடும், ஹார்டுவேர் கடையில் ஒரு ரப்பர் வாஷர் வாங்கிச் சுற்றிலும் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கடைக்காரர் எந்தக் காது என்று கேட்டார். கேமராவுக்கு என்றேன், நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார்.

இதில் இரண்டு விஷயம் யாரும் முதலில் சொல்வதில்லை. ஒன்று, மீட்டருக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. வெளிச்சம் பட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், உறையில் போட்டு மூடினால்தான் ஓய்வு. அலமாரியில் அழகுக்கு வைத்தால் பேட்டரி காலி. இரண்டு, பேட்டரி இருக்கும் இடம் ரோல் போடும் அறைக்குள்ளே. நடு ரோலில் தீர்ந்துவிட்டால் முதுகைத் திறக்க முடியாது, திறந்தால் படம் போச்சு. ஷட்டர் முழுக்க எந்திரம், அதற்குப் பேட்டரி வேண்டாம், அதனால் மிச்சத்தைக் குத்துமதிப்பாக எடுக்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் குத்துமதிப்புப் படங்கள் மீட்டர் படங்களைவிட மோசமாக இல்லை, வானம் கொஞ்சம் பட்டாலே அந்த முள் ஏமாந்துவிடுகிறது.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் படியுங்கள். லென்ஸை உள்ளே தள்ளுவதற்கு முன் ரோலை ஒருமுறை சுற்றி ஷட்டரை ஏற்றிவைத்திருக்க வேண்டும், பிறகு மேலே உள்ள சின்னப் பொத்தானை அமுக்கித் திருப்பித் தள்ள வேண்டும். ஏற்றாமல் தள்ளினால் போகாது. போகாததைப் பலத்தால் தள்ளிப் பார்ப்பது நம் வழக்கம், அப்படிச் செத்த கேமராக்கள்தான் சந்தையில் பாதி. வாங்கும்போது விற்பவரையே லென்ஸை உள்ளே தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். அவர் சுற்றாமல் தள்ளப் போனால் அந்தக் கேமரா வேண்டாம்.

என்னுடையதில் லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தது. கடலோர ஈரம், மூடிய பீரோ, தோல் உறை, இம்மூன்றும் சேர்ந்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி வந்துவிடும். 1/2, 1/4 வேகங்கள் இழுத்துக்கொண்டு நின்றன, உள்ளே கிரீஸ் காய்ந்ததால். சென்னையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். "பத்து நாள்" என்றார், ஏழு வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார், எடுத்தால் "உங்க வேலைதான் கையில இருக்கு" என்பார். ஆனால் திரும்பி வந்தபோது ஷட்டர் புதுசு போல ஓடியது, பூஞ்சை முக்கால்வாசி போயிருந்தது, வாங்கிய கூலி 3,500 ரூபாய். திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வயது அறுபதுக்கு மேல் என்பதால் கும்பிட்டு வைத்தேன். இப்போது கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன், தோல் உறை தனியாக வெளியே.

சரி, ரோல். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தில் "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல் வந்தது, எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் கூடக் கைவசம் வைத்திருப்பார். ஆலை மூடியாயிற்று. இப்போது எனக்கு கலர் ரோல் ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் விழுகிறது, அதைக் கழுவி ஸ்கேன் செய்ய இன்னொரு ஐந்நூறு அறுநூறு, போக வரக் கூரியர். ஒரு படம் ஏறக்குறைய நாற்பத்தைந்து ரூபாய். இரண்டு டீ, ஒரு வடை. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அந்த வடை ஞாபகம் வரும், அதனால்தான் யோசித்து எடுக்கிறோம் என்று சிலர் தத்துவம் பேசுவார்கள். எனக்கு அப்படி இல்லை. வடை ஞாபகத்தில் எடுக்காமல் விட்ட நல்ல படங்கள்தான் அதிகம்.

கலர் ரோல் கழுவ வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினேன். ஸ்கேன் வந்தது, நெகட்டிவ் வரவில்லை. கேட்டால், ஒரு மாதத்துக்குள் கேட்காவிட்டால் குப்பையில் போட்டுவிடுவோம் என்று இணையதளத்தில் எழுதியிருக்கிறதே என்றார்கள். எழுதித்தான் இருந்தது, எறும்பு படிக்கிற எழுத்தில். நெகட்டிவ் வேண்டாம் என்றால் போனிலேயே எடுத்திருப்பேனே. அனுப்பும்போதே கவர்மேல் "நெகட்டிவ் திருப்பி அனுப்பவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு கறுப்பு வெள்ளைக்கு மாறி வீட்டிலேயே கழுவுகிறேன். கறுப்புத் துணிப் பைக்குள் கையைவிட்டு ரோலை டேங்கில் சுற்றுவது மட்டும்தான் பழக வேண்டியது, வீணாய்ப்போன ஒரு ரோலை வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி பத்து முறை சுற்றிப் பாருங்கள். மருந்து டி-76, சரிபாதித் தண்ணீர் கலந்து, எச்பி5 ரோலுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது புத்தகக் கணக்கு. எங்கள் வீட்டுக் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் மார்கழி விடியற்காலையில்கூட வராது. மே மாதம் 33. அதனால் ஒரு பேசினில் ஐஸ் கட்டி, அதற்குள் மருந்து பாட்டில், பக்கத்தில் தெர்மாமீட்டர். மருந்தை மட்டும் குளிரவைத்துவிட்டுக் கழுவும் தண்ணீரைக் குழாயிலிருந்து அப்படியே ஊற்றாதீர்கள், திடீர் சூட்டில் ஃபிலிமின் மேல்பூச்சு சுருங்கிப் பாம்புச் சட்டை மாதிரி வரி விழுந்துவிடும். எல்லாத் தண்ணீரையும் ஒரே சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வாங்க அலுப்பாக இருந்தால் 24 டிகிரியில் நேரத்தைக் குறைத்துக் கழுவலாம், நான் கோடையில் அதைத்தான் செய்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு. சிங்கப்பூர் டெசார் போதும். நல்ல நிலையில், எல்லா ஷட்டர் வேகமும் ஓடி, லென்ஸ் சுத்தமாக இருந்தால் பதினைந்தாயிரம் வரை கொடுக்கலாம், இருபதைத் தாண்டினால் திரும்பி வந்துவிடுங்கள். மீட்டர் செத்திருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், போனில் மீட்டர் ஆப் இருக்கிறது. தங்க முலாம், வெள்ளி முலாம் என்று வருவதெல்லாம் கண்ணாடி அலமாரிக்கு. தூரம் அளக்கப் பொறுமை இல்லை என்றால் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ பாருங்கள், இதே அளவில் தூரங்காட்டியோடு 1979ல் வந்தது, ஆனால் அது பேட்டரி இல்லாமல் ஓடாது. 2024ல் மிண்ட் கம்பெனி ரோலாய் பெயரிலேயே 35 ஏஎஃப் என்று தானே தூரம் பார்த்துக்கொள்ளும் புதுக் கேமரா ஒன்றை விட்டிருக்கிறது. அதன் விலையில் பழையது இரண்டு மூன்று வாங்கி, மிச்சத்துக்கு ஒரு வருட ரோலும் வாங்கலாம்.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கேமராவை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார், எடை போட்டார், "அங்க போய் நில்லு" என்றார். திண்ணையோரம் நின்றேன். அவர் கண் எனக்கும் அவருக்கும் நடுவே தரையில் ஓடியது, உதடு அசைந்தது, ஒன்றரைப் பாய். வளையத்தைத் திருப்பினார், இடது கட்டைவிரல் தானாக லீவருக்குப் போனது, முள்ளைக்கூடப் பார்க்கவில்லை. டிக்.

கழுவிப் பார்த்தேன். வெளிச்சம் அச்சாக இருக்கிறது. எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த அவருடைய கல்யாணப் படம் பளிச்சென்று விழுந்திருக்கிறது, நான் மங்கல். போனில் சொன்னேன்.

"நீதான் முன்னாடி நகர்ந்திருப்பே" என்றார்.